இருபதுக்கு நாற்பது

மீட்டர் கணக்கு அது.
நம் ஈசூன் வீட்டுக் கூடத்தில்
தரையோடு ஒன்றுக்கு ஐந்து மீட்டர் என்று சுருக்கி
மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறாய்.
நான்கு ஓடு அகலம், எட்டு ஓடு நீளம்.
குளிர்பெட்டி பக்கம் ஏ, ஜன்னல் பக்கம் சி,
செருப்பு அலமாரி பி.
எந்த நெடுங்கணக்கிலும் இல்லாத வரிசை:
ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப்.
ஏன் இப்படி என்றேன்.
யாருக்கும் தெரியாது என்றாய்,
சற்றுப் பெருமையாக.

பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
நள்ளிரவு தாண்டி வந்து கதவைத் திறந்தால்
இல்லாத குதிரையில் போய்க்கொண்டிருப்பாய்.
கட்டைவிரல் மேலே,
பார்வை சுவர்க்கடிகாரத்துக்கும் அப்பால்.
கீழ்வீட்டு மிஸஸ் கோ கேட்டால் என்ன சொல்வது,
என் மனைவி டிராட் போகிறாள் என்றா?

முதன்முதலில் டிரெஸ்ஸாஜ் என்றபோது
தேக்காவுக்குத் துணியெடுக்கக் கூப்பிடுகிறாய் என்று
பர்ஸைத் தேடினேன்.
மாதக் கட்டணம் பார்த்த பிறகு
பட்டே எடுத்திருக்கலாம் என்று பட்டது.

குதிரையும் உன்னுடையதில்லை,
வாரம் மூன்று நாள் வாடகை.
பதினொரு பந்தயம் ஓடி ஒன்றிலும் வெல்லாததால்
லாயத்தில் அதன் பெயர் கோசோங்.
உள்ளே ஒன்றுமில்லாத பரோட்டா கேட்க
நாம் சொல்லும் அதே சொல்.
அதைப் பார்த்தால் எனக்குத் தும்மல் வரும்.
என்னைப் பார்த்தால் அதற்குச்
சட்டைப் பொத்தான்மேல் ஆசை வரும்.

ஒரு மணிநேரம் வட்டம்.
பிறகு மறுபக்கம் வட்டம்.
வெயிலில் நின்று பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.
வியர்த்து வழிய வந்து
"பார்த்தாயா?" என்றாய்.
பார்த்தேன் என்றேன்.
பொய்.

அரை நிறுத்தம் என்று ஒன்று சொன்னாய் ஒருநாள்.
நிறுத்துவதில்லை.
மூச்சை இறக்கி, விரல்களை
ஈரப்பஞ்சு பிழிவதுபோல் மூடித் திறந்து
ஏதோ வரப்போகிறது என்று
முன்கூட்டியே தெரிவிப்பது.

அட, இது எனக்குத் தெரியுமே.
காலை நெரிசலில்
கையில் சூப்புப் பையோடு ஆன்ட்டிகள் நிற்பார்கள்.
நிறுத்தத்துக்கு அறுபதடி முன்னால்
பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஒரு சேதி,
அவர்கள் இடுப்புக்குப் போய்ச் சேரும்.
யாரும் விழுவதில்லை.
யாரும் கவனிப்பதுமில்லை.
சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி யோசித்து
"ஏறக்குறைய" என்றாய்.
பதினாறு ஆண்டில் நீ எனக்குப் போட்ட
பெரிய மதிப்பெண் அது.

போட்டியன்று வாசிக்கும் வேலை எனக்கு.
ஈ-க்கு அருகில் நின்று
ஒவ்வோர் அசைவையும் உரக்க,
நீ அங்கே போய்ச் சேருமுன்.
மின்னல் எச்சரிக்கை ஊதி
நாற்பது நிமிடம் ஒதுங்கி நின்றோம்.
ஈர மணல். ஈரக் காகிதம்.
"ஏ, உள்ளே. எக்ஸ், நின்று வணக்கம்."
அதுவரை சரி.
பிறகு இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டன.
ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தவன்
பதறித் தமிழுக்குத் தாவினேன்,
அதிலும் இடதுக்கு வலது.
நீ இடதே போனாய்.
கோசோங்கின் ஒரு காது மட்டும்
என் பக்கம் வந்து
நம்பாமல் திரும்பிப் போனது.

ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று விழுக்காடு.
நடுவர் குறிப்பு: வாயில் இறுக்கம், நம்பிக்கை போதாது.
குதிரையைத்தான் என்று
இருமுறை படித்து உறுதிசெய்துகொண்டேன்.

"உனக்கு மனப்பாடம்தானே" என்றேன் லாயத்து பெஞ்சில்.
"ஆமாம்."
"பிறகு நான் எதற்கு?"
பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய்.
காலை என் மடியில் தூக்கி வைத்து
"இழு" என்றாய்.
இழுத்தேன்.

டேப் இன்னும் தரையில்தான்.
துவைத்த துணிக்கூடையோடு குறுக்கே போகிறவன்
நான்கு ஓடுகள் கூடும் நடுவிடத்தில்
நின்று, தலை சாய்த்து வணங்குகிறேன்.
சமையலறையிலிருந்து உன் குரல்:
"நேராக நிற்கவில்லை.
பின்னங்காலைச் சேர்."